முகிலனுக்கு, அப்பா எழுதுவது

டப்ளின், ஒஹாயோ
7 டிசம்பர் 2025

அன்புள்ள முகிலனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மீராவும் யாழினிக் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்ப்பா" என்று நீ முடித்துவிடுவதாலும், எனக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வராததாலும் இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளிக்கு ஞாயிறுதோறும் உன்னை அழுதாலும் விடாமல் கூட்டிப்போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். மெதுவாகப் படி, ஆனால் முழுவதும் படி.

சென்ற ஞாயிறன்று, நீ உதவிப் பயிற்சியாளராக இருக்கும் உங்கள் கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள் என்ற செய்தியை நான் இணையத்தில்தான் படித்தேன். அன்று நீ அழைக்கவில்லை, திங்களன்றும் அழைக்கவில்லை. புதனன்று அம்மா அழைத்தபோது நீ காரில் இருந்தாய். யாழினியின் சளியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் செய்தியை இன்னும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் முதலில் கேட்டுவிடுகிறேன். மீராவுக்கு மாசியில் பிரசவம். உன் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை இருக்கிறது என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு. வாய்ச்சொல்லை நம்பாதே. காப்பீடு நின்றுபோனால் 'கோப்ரா' முறையில் அதே காப்பீட்டை நம் கைப்பணத்தில் 18 மாதம் வரை தொடரலாம், அதற்குச் சம்மதம் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. தொகை பெரிதாக இருக்கும். அதை நான் கட்டுகிறேன். இதில் உனக்கும் எனக்கும் பேச்சே வேண்டாம்.

உன் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ நினைத்திருக்கலாம். அப்படி நினைக்கும்படி நான் நடந்துகொண்டதும் உண்மை. ஆனால் இந்த ஏழு ஆண்டுகளில் உன் தொழிலின் நாட்காட்டியை நான் மனப்பாடமாகவே தெரிந்து வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் முகாம், பிறகு நவம்பர் கடைசிவரை சனிக்கிழமைதோறும் ஆட்டம், டிசம்பர் முதல் வாரத்தில் பள்ளிப் பையன்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்திடும் நாள், ஜனவரியில் வேலை தேடும் பயிற்சியாளர்கள் எல்லாரும் போய் நிற்கும் சங்க மாநாடு, வசந்தத்தில் 15 பயிற்சி நாட்கள், ஜூலையில் மட்டும் கொஞ்சம் மூச்சு. தலைமைப் பயிற்சியாளர் போனால் அவரோடு சேர்ந்த பத்து உதவிப் பயிற்சியாளர்களின் வேலையும் ஆட்டம் கண்டுவிடும் என்பதும், புதிதாக வருபவர் தன் ஆட்களையே அழைத்து வருவார் என்பதும், பழையவர்களில் ஒருவர் இருவரைத்தான் வைத்துக்கொள்வார் என்பதும் தெரியும். இந்த ஆண்டு ஃபுளோரிடா, பென் ஸ்டேட், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் பருவத்தின் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர்களை நீக்கினார்கள். அவர்களுக்கு ஒப்பந்தப்படி எத்தனை கோடி டாலர் தரவேண்டியிருக்கும் என்று செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. அவர்களுக்குக் கீழே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, இரவெல்லாம் ஆட்டப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி ஒரு வரி வருமா என்று நான் ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்தி வரை தேடியிருக்கிறேன். எனக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

அந்தப் புதன்கிழமைதான் கையெழுத்து நாள் என்பதும் எனக்குத் தெரியும். இலையுதிர் காலம் முழுவதும் நீ எத்தனை வீடுகளுக்குப் போய், எத்தனை தாய்மார்கள் முன்னால் உட்கார்ந்து, "உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருப்பாய். நீ சொல்லியதை நம்பித்தானே அவர்கள் கையெழுத்துப் போட நினைத்திருப்பார்கள். இப்போது நீ அங்கே இருப்பாயா என்பது உனக்கே தெரியாத நிலையில், அந்தப் பையன்கள் அழைத்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஒரு தகப்பனாக நான் அந்த வீடுகளின் பக்கம் நின்றுதான் யோசிக்கிறேன். அவர்களிடம் நீ பொய் சொல்லியிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். உன் குணம் அது. அதனாலேயே அந்த நாள் உனக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதும் புரிகிறது.

இன்னொரு பக்கம், உன் மேல் எனக்கு வருத்தமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஏழு ஆண்டில் நான்கு வீடு. கடைசி வீட்டின் கராஜில், அதற்கு முந்தைய வீட்டில் கட்டிய பெட்டிகள் பிரிக்காமலே இருந்தன. யாழினிக்குக் காது குத்தியபோது நீ இல்லை. மீரா இரண்டு முறை நல்ல வேலையை விட்டுவிட்டு உன் பின்னால் வந்திருக்கிறாள்; அந்தப் பெண் ஒரு வார்த்தை முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, ஆனால் சுளிக்கவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று ஆகாது. அடுத்த ஊர் எதுவானாலும் அவளிடம் கேட்டுவிட்டு முடிவு செய். காப்பீட்டையும் அவளிடம் சொல்லிவிடு, அவளுக்குத் தெரியாமல் நீ ஒருவனாக மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருக்காதே.

நீ எஞ்சினியரிங் முடித்து, கையில் வந்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, மேற்படிப்போடு அணிக்கு உதவும் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக அந்தச் சிறிய ஊருக்குப் போனபோது நான் பேசிய பேச்சை நீ மறந்திருக்கமாட்டாய். பிறகுதான் மைக் லீச் என்பவரைப் பற்றிப் படித்தேன். பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கிவிட்டு, வக்கீல் தொழிலுக்குப் போகாமல், சின்னச் சின்னக் கல்லூரிகளில் உதவியாளராக இருந்து, பிற்காலத்தில் டெக்சாஸ் டெக்கில் பத்துப் பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். ஆனால் அவரைவிட இங்கே நம் ஊர்ப் பக்கத்துப் பயிற்சியாளர் லாரி ஜான்சன்தான் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். பென் ஸ்டேட்டில் 18 ஆண்டு, 2014 முதல் இங்கே ஒஹாயோ ஸ்டேட்டில். எழுபதைத் தாண்டியும் தற்காப்பு வரிசைப் பையன்களுக்குக் கையை எங்கே வைக்கவேண்டும், காலை எங்கே ஊன்றவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். வர்ஜீனியா டெக்கின் பட் ஃபாஸ்டரும் அப்படித்தான், 1987 முதல் 2019 வரை ஒரே இடத்தில், கடைசிவரை உதவிப் பயிற்சியாளராகவே இருந்து ஓய்வு பெற்றார். 'உதவி' என்ற சொல்லைப் படிக்கட்டின் கீழ்ப்படி என்றே நான் எண்ணியிருந்தேன். அதிலேயே ஒருவர் வாழ்நாள் முழுவதும் நிற்கலாம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதை எனக்கு விளங்கவைத்தது, அக்டோபரில் உன் வீட்டில் தங்கியிருந்த அந்த ஞாயிறு இரவுதான். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது மணி இரண்டு. நீ சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, முந்தின நாள் ஆட்டத்தில் ஒரே ஓர் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பையன், எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவனைத் தடுக்கும் அந்தக் கார்னர்பேக், எதிரில் ஓடிவருபவனோடு பின்னோக்கியே ஓடுகிறான். எதிராளி தலையை ஒரு பக்கம் வெட்டுகிறான். இவன் இடது கால் அரை நொடி முன்னதாகத் திறந்துகொள்கிறது. பந்து அவன் தலைக்கு மேல் போய்விடுகிறது. "தலையும் தோளும் ஏமாத்தும்ப்பா, இடுப்பு ஏமாத்தாது, அதைத்தான் பார்க்கணும்" என்று சொன்னாய். "அந்தப் பையனாலதானே ஆட்டம் போச்சு?" என்று நான் கேட்டேன். "இல்லப்பா, நான் சொல்லிக்கொடுத்த விதம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, நீலப் பேனாவால் நோட்டில் ஏதோ எழுதினாய். நான் படுக்கப் போய்விட்டேன், ஆனால் தூங்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் இடது காலுக்காக இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவனை ஆசிரியர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

இந்த இடத்தில் நிறுத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் இதை எழுதிய பிறகு மற்றதை எழுதாமல் இருக்கமுடியவில்லை.

2022 ஜூலையில் பெரியப்பாவின் மணிவிழாவுக்குக் கோவில்பட்டி போனோமே, அந்த மண்டப வாசலில் சிவகாசி மாமா "மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?" என்று கேட்டபோது, நான் உன்னை உதவிப் பேராசிரியர் என்று சொன்னேன். 'உதவி' என்பதை வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லை மட்டும் மாற்றினேன். அதற்கு முன்பும் தொலைபேசியில் பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். உன் முன்னால் சொன்னது அதுதான் முதல் முறை. மாமா உன் பக்கம் திரும்பி, "எந்த சப்ஜெக்ட், தம்பி?" என்றார். நீ சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு, "உடல் இயக்கம் சம்பந்தப்பட்டது, மாமா" என்றாய். என் பொய்யைக் காப்பாற்ற என் பிள்ளை சொல் தேடினான். மதுரை விமான நிலையம் போகும் வரை காரில் நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, அன்று முதல் இன்றுவரை அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அன்று நீ ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் ஒரே விடுமுறையை எங்களுக்காகச் செலவழித்து வந்திருந்தாய்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் தெருவில் பையன்கள் நடக்கக் கற்றதும் ஹாக்கி மட்டையைத்தான் பிடித்தார்கள். மைதானத்தில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவன் நான். ஆட்டத்தின் மதிப்புத் தெரியாமல் நான் அப்படிச் சொல்லவில்லை. தெரிந்தும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று சொன்னேன். அன்றைக்கு நீ முழு உதவிப் பயிற்சியாளராகவும் ஆகியிருக்கவில்லை. ஆட்டப் படங்களை அலசிக் கொடுக்கும் வேலை, களத்தில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் விதி அனுமதிக்காத வேலை. 2024-இல் அந்த விதி மாறியபோது "இனிமே நானும் களத்துல இறங்கலாம்ப்பா" என்று நீ அழைத்துச் சொன்னாய். நான் சம்பளம் கூடுமா என்று கேட்டேன். அதற்கும் என்னை மன்னித்துவிடு.

இப்போது நீ அழைக்காமல் இருப்பதற்கு அந்தச் சந்தனக் கிண்ணம்தான் காரணமோ என்று எட்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விட்டது என்று என்னிடம் சொன்னால், நான் அதையும் வேறு சொல்லாக மாற்றி ஊருக்குச் சொல்வேன் என்று உனக்குத் தோன்றியிருந்தால், அது நான் சம்பாதித்துக்கொண்டது.

அதனால் இன்று காலை பெரியப்பாவை அழைத்தேன். அங்கே இருட்டியிருந்தது. நீ பேராசிரியன் அல்ல, ஃபுட்பால் பயிற்சியாளன், நான்தான் இத்தனை நாளும் மாற்றிச் சொன்னேன் என்று சொன்னேன். அண்ணன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பேக்குகளுக்கா, ஃபார்வர்டுகளுக்கா?" என்று கேட்டார். கடைசியில் நிற்கும் பேக்குகளுக்கு என்றேன். "அதுதான்டா கஷ்டம், கோல் விழுந்தா எல்லாரும் அவனத்தான் பார்ப்பான்" என்றார். சிவகாசி மாமாவிடம் நாளை அவரே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

அண்ணனுக்கு உன் ஆட்டம் ஒன்றைப் பார்க்கவேண்டுமாம். உன் பையன்கள் பந்தைத் தடுத்த ஆட்டமாகப் பார்த்து ஒரு வீடியோ அனுப்பு. அனுப்பும்போது, காப்பீடு எந்தத் தேதி வரை என்பதையும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா