இருட்டுக்கு விலை

அன்புள்ள சண்முகம்,

உன் முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு கேள்வியைச் செருகிவிட்டாய்: "மின்சாரம் ஒழுங்காகத் தராத கம்பெனிக்கு உங்கள் ஊரில் அரசு அபராதம் போடுமாமே, அதையும் உங்கள் பில்லில்தானே ஏற்றுவார்கள்?" முப்பது வருடம் துணை மின்நிலையத்தில் குப்பை கொட்டியவன் வேறெப்படிக் கேட்பாய்!

2020 ஆகஸ்ட் 4 அன்று இசாயாஸ் புயல் அமெரிக்காவில் எங்கள் கனெக்டிகட் மாநிலத்தில் அடித்தது. மழை பெரிதாக இல்லை, காற்றுதான். எங்கள் தெருமுனை மேப்பிள் மரம் மின்கம்பியை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. ஆறு நாள் இருட்டு. எங்களுடையது கிணற்றுத் தண்ணீர். மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் சொட்டு வராது. குளத்திலிருந்து வாளியில் மொண்டுவந்து கழிவறைக்கு ஊற்றினேன். கமலா முதல்நாள் அரைத்த இட்லி மாவு ஃபிரிட்ஜுக்குள்ளேயே பொங்கிக் காய்கறித் தட்டுவரை வழிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இன்சுலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஐஸ் தேடினார்.

ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, 2021 ஜூலையில் மாநிலத்தின் பெரிய விநியோக நிறுவனத்துக்கு 2.84 கோடி டாலர் அபராதம் போட்டது. விநியோக வருவாயில் 2.5 சதவீதம், புயல் அடித்தபோது இருந்த சட்டப்படி அதற்குமேல் போட முடியாது. அந்தப் பணம் கஜானாவுக்குப் போகாமல் வாடிக்கையாளர் பில்லில் கழிந்தது. கோடி என்றால் மலைப்பாகத்தான் இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு வகுத்துப் பார்: வீட்டுக்குச் சராசரியாக இருபத்துச் சொச்சம் டாலர், அதுவும் ஓராண்டுக்குப் பரப்பி. ஆறு நாள் இருட்டில் கிடந்தவனுக்கும் விளக்கு அணையாதவனுக்கும் ஒரே கணக்கு. இது என்ன நியாயம்?

எனக்குப் பிடித்தது 2020 அக்டோபரில் கையெழுத்தான சட்டம்தான். புயல் போன்ற நெருக்கடியில் தொடர்ந்து 96 மணி நேரத்துக்குமேல் மின்சாரம் இல்லையென்றால் நாளுக்கு 25 டாலர். கெட்டுப்போன உணவுக்கும் மருந்துக்கும் 250 டாலர். பாதிக்கப்பட்டவன் கைக்கே வருகிறது. இந்தத் தொகையைக் கட்டணத்தில் சேர்த்து வசூலிக்கக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். உன் சந்தேகத்துக்கு அந்த ஒரு வரிதான் பதில். அபராத உச்சவரம்பும் 4 சதவீதமாயிற்று. இந்த இழப்பீட்டிலிருந்து நிறுவனம் ஆணையத்திடம் விலக்குக் கேட்கலாம் என்றும் ஓர் ஓட்டை இருக்கிறது. நீ அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வாய் என்று தெரியும்.

சரி, என் கேள்விக்கு நீ பதில் சொல். நம் 2003 மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவிலும் இழப்பீடு இருக்கிறது. மனுப் போடாமல், அலையாமல், அது யாருக்காவது பில்லில் கழிந்து உன் சர்வீஸில் பார்த்திருக்கிறாயா?

இன்னொன்று, சிரிக்காதே: அந்தச் சட்டம் வந்த பிறகும் நான் ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன். மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். அந்தப் பத்து நிமிடமும் கமலா காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக் கோடியில் நிற்கிறாள்.

அன்புடன்,
ராஜாமணி