அம்முவுக்கு

அன்புள்ள அம்மு,

நீ பேசிப் பதினேழு நாளாகிறது. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். உன் கடைசி மெசேஜ் ராத்திரி இரண்டேகாலுக்கு வந்ததென்று அம்மா காட்டினாள். அந்த நேரத்தில் எதற்கு விழித்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. தம்பி நன்றாக இருக்கிறான், அவன் விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேர் டீமை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அதில் இரண்டு பேர் மாற்றல் கேட்டிருப்பது தம்பி வாய் தவறிச் சொன்னது. அவனைத் திட்டாதே.

"எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன்ப்பா" என்றாயே, அது மனசைவிட்டுப் போகவில்லை. மரியாதையில் எல்லோரும் ஒன்றுதான். வேலை வாங்குவதில் அப்படி முடியாது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு எதை, எப்படி, எப்போதுக்குள் என்று சொல்லி, சாயங்காலம் ஒரு தடவை பார்க்கவும் வேண்டும். எட்டு வருஷம் டேட்டாபேஸ் பார்த்தவரிடம் அதையே செய்தால் அவமானமாக நினைப்பார். அவருக்கே முதல் தடவையாக கிளையன்ட்டிடம் பேசும் வேலை வந்தால், அந்த ஒன்றில் மட்டும் அவரும் புதியவர், அப்போது கூட நிற்க வேண்டும். பால் ஹெர்சி, கென் பிளான்சார்டு என்ற இரண்டு நிர்வாகவியல் அறிஞர்கள் 1969-ல் முன்வைத்ததிலிருந்து வளர்ந்த யோசனை இது. வேலை தெரிந்தும் தயங்குகிறவன் ஒருவன் இருப்பான். அவனுக்கு உத்தரவு வேண்டாம், "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேள். ஆளைப் பார், அந்த ஆள் கையிலிருக்கும் வேலையையும் பார்.

சர்வர் விழுந்த ராத்திரியில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்க முடியாது, உத்தரவுதான். ஆனால் விடிந்த பிறகு பழையபடி திரும்ப வேண்டும். நீ இன்னும் அந்த ராத்திரியிலேயே நிற்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

குர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரும் கூட்டாளிகளும் 1939-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்யவைத்தார்கள். எல்லாவற்றையும் தானே தீர்மானித்த தலைவர் அறையைவிட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. பையன்களோடு பேசி முடிவெடுத்தவர் போன பிறகும் வேலை ஓடியது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டுக் குறிப்பும் எடுத்தேன். எடுத்து என்ன?

நீ மேடையேறிய அன்று வேலை இருக்கிறதென்று சொல்லி நான் வரவில்லை. அது பொய் அம்மு. அந்த வேலையை முடிக்க என் கீழே நல்ல ஆள் இருந்தார், என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனால் ஒவ்வொரு தாளும் என் கையெழுத்துக்குக் காத்திருக்கும்படி நான்தான் பழக்கிவைத்திருந்தேன். நான் இல்லாமல் எதுவும் நகராது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஆறு மாதத்தில் அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். போகிற அன்றுகூட ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் அந்த நாளைப் பற்றி இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்போதும் வேலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

லீவே கிடைக்கவில்லை என்கிறாய். கொடுக்காதது மேலே இருப்பவர்களா, நீயேதானா?

சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே. அந்த இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசு. பேசுவதைவிட அதிகமாகக் கேள்.

எத்தனை நாள் லீவு என்று மட்டும் எழுது. இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அப்பா