ரைஸ் குக்கருக்குள் கடிகாரம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், சோறு வெந்ததும் ரைஸ் குக்கர் தானே அணைவதற்கு அதிலுள்ள டைமரே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். ஒற்றைப் பொத்தான் கொண்ட சாதாரண ரைஸ் குக்கரில் நேரத்தை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அது பார்ப்பது வெப்பநிலையை. அதையும் ஒரு காந்தத்தைக் கொண்டே பார்க்கிறது.

உள்பாத்திரத்தை எடுத்துவிட்டால், சூடேறும் தட்டின் நடுவே ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்த வட்டக் குமிழ் ஒன்று தெரியும். பாத்திரத்தின் அடியைத் தொட்டபடி இருக்கும் அந்தக் குமிழுக்குள், காந்தம் ஒட்டக்கூடிய ஃபெரைட் என்ற பொருளின் துண்டு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் கீழிருந்து ஒரு காந்தம் எழுந்து அதனுடன் ஒட்டிக்கொள்கிறது, மின்சாரம் பாய்கிறது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அரிசி நீரைக் குடித்து முடித்த பிறகுதான் சூடு அதற்கு மேல் ஏறும். ஏறத்தாழ 103 டிகிரியில் ஃபெரைட் காந்தத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையை இழக்க, ஸ்பிரிங் காந்தத்தைக் கீழே தள்ள, 'டக்' என்ற ஓசையுடன் பொத்தான் மேலே வருகிறது. இந்த வெப்ப எல்லை, அதை ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் கியூரியின் பெயரால் வழங்கப்படுகிறது. 1955இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கிக் குக்கரின் வழி வேறு: வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய நீர் வற்றியதும், இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அதிலே வேண்டுமானால், வற்றும் நீரை ஒருவகைக் கடிகாரம் என்று தாங்கள் வாதிடலாம்.

இதை வலியுறுத்தக் காரணம் எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய அம்பை 16 போன்ற குண்டரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துப் பழகிய வீடுகளில், ரைஸ் குக்கரிலும் அதே கணக்கில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சோறு குழைந்தும் பொத்தான் எழவில்லையே என்று குறைபடுகிறார்கள். பாத்திரத்தில் கஞ்சி இருக்கும்வரை அது எழவே எழாது. என் வீட்டிலும் சென்ற ஆண்டு இதே முறையீடு வந்தது. பழுதுபார்ப்பவர் காந்தம் வலுவிழந்துவிட்டதாகச் சொல்லி வேறொன்றை மாட்டி, 400 ரூபாய் வாங்கினார். மறுநாளும் பொத்தான் அசையவில்லை. பிறகு நானே தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், எழுந்துவிட்டது. இயற்பியல் கற்பித்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வடித்த சோறுதான் வேண்டும் என்போர், பதம் பார்த்துத் தாமே பொத்தானைத் தூக்கிவிட வேண்டியதுதான்.

சோறு அரைவேக்காடாக இருக்கும்போதே அணைந்துவிடும் குக்கர்களும் உண்டு. அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலோ, அடி நசுங்கியிருந்தாலோ, குமிழ் பாத்திரத்தை விட்டுத் தட்டின் சூட்டை வாங்கி முந்திக்கொள்கிறது. அடியை ஈரமின்றித் துடைத்து, பாத்திரத்தை இடவலமாக ஒருமுறை திருப்பி அமர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, டைமரில் பத்து நிமிடம் கூட்டித் தருமாறு யாரேனும் கடைக்குக் குக்கரைத் தூக்கிச் செல்வதற்குள், அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.