ராத்திரி அனல் தளத்துல இருந்து வருது

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்,

கத்திரி வெயில சமாளிக்கறது எப்படின்னு நம்ம பேப்பர்ல போட்டிருந்தீங்க, மோர் இளநீர் எல்லாம் சரிதான், ஆனா வேலூர்க்காரங்கள ராத்திரி தூங்க விடாம பண்றது தலைக்கு மேல இருக்கற தளம், அதப் பத்தி ஒரு வரி கூட இல்லையே.

கதிர்வீச்சா போற சூட்டுக்கு காத்தே தேவையில்ல, சூரியன்ல இருந்து 15 கோடி கிலோமீட்டர் வெட்டவெளிய தாண்டி அப்படித்தான் வருது. செங்கல் சூளைக்கு எதிர்ல நின்னா முகம் எரியும், நடுவுல ஒரு ஆள் வந்து நின்னா சட்டுனு அடங்கிடும், அதான் கதிர்வீச்சு.

பகல் பூரா வெயில குடிச்ச கான்கிரீட்டு ராத்திரி அதையேதான் நம்ம மேல வீசுது. கெல்வின்ல (அதாவது செல்சியஸ் டிகிரியோட 273 கூட்டினா வர்றது) வெப்பநிலை எவ்வளவோ அதோட நாலாம் அடுக்குக்கு ஏத்தாப்புல வீசும்னு 1879லயே ஸ்டெஃபான்ங்கற இயற்பியல் விஞ்ஞானி சொல்லிட்டார். தளம் 45 டிகிரின்னு வச்சுக்குங்க, சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 580 வாட் கீழ வருது, 35 டிகிரில இருக்கற நம்ம தோல் திருப்பி விடறது 510தான், மீதி நம்ம உடம்புலதான் ஏறுது. ஃபேன் வேர்வைய காய வைக்கும், இந்த அனல தடுக்காது.

அதனால வெயில மேலயே திருப்பி அனுப்பணும். மொட்டை மாடிக்கு வெள்ளை சுண்ணாம்பு அடிச்சா பெரும்பகுதி வெயில் திரும்பிடும், ராத்திரியில சூட்ட வானத்துக்கு நல்லா விட்டுடவும் செய்யும். பளபளன்னு இருக்கற தகரம் அப்படி இல்ல, அது வெயில ஓரளவு திருப்பினாலும் வாங்கின சூட்ட லேசுல விடாது, அதான் கை வைக்க முடியாம கொதிக்குது. ஒரு வருஷத்துல சுண்ணாம்பு மேல தூசி படிஞ்சிடும், அதனால வருஷா வருஷம் அடிக்கணும், இத யாரும் சொல்றதில்ல.

சொந்த வீட்டுக்காரங்க எப்படியாவது அடிச்சுக்குவாங்க. குடியாத்தம் பக்கம் ஷீட்டு வீட்டுல உக்காந்து பகல் பூரா பீடி சுத்தற அம்மாங்க, அங்கன்வாடியில மத்தியானம் தூங்கற குழந்தைங்க, இவங்க கூரைக்கு யார் அடிப்பாங்க? மாநகராட்சியும் பஞ்சாயத்துங்களும் மார்ச் மாசத்துக்குள்ள இத செய்யணும், கத்திரி பொறந்தப்புறம் ஆள் ஏத்தினா அந்த வெயில்ல அவங்க நிலைமை என்னாகும். தயவுசெஞ்சு இத பிரசுரம் பண்ணுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.