கதிரவனுக்கு அம்மா எழுதுவது

சோழவந்தான்,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கதிரவனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் அத்தையும் நலமாக இருக்கிறோம். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும். தொலைபேசியில் உன் பேச்சு "ம்", "சரிம்மா", "வைக்கிறேன்" என்ற மூன்று சொற்களில் முடிந்துவிடுகிறது. நான் கேட்க நினைப்பவை அவற்றுக்கு நடுவே நுழைய இடமில்லாததால், முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கையால் இன்று தாளில் எழுதுகிறேன். அக்கா வீட்டுப் பால்காய்ச்சு, தோப்புக் குத்தகை, மேலத்தெருப் பெரியப்பா விஷயம் என்று செய்திகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. உன் இரத்தத்தில் வைட்டமின் பி12 எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடு. அத்துடன் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச்., இரும்புச் சத்து, சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடு. எல்லாம் ஒரே ஊசிக் குத்தில் எடுக்கும் இரத்தத்தில் தெரிந்துவிடும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நீ கேட்பாய். அப்பாவுக்குப் பாதம் எரிந்ததைச் சர்க்கரையின் வேலை என்றே ஒரு வருடம் நினைத்திருந்தோம். அதே வருடத்தில்தான் அவர் செய்தித்தாளைக்கூட விரிக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதும், சாவி வைத்த இடத்தை மறப்பதும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் என்னிடம் எரிந்து விழுவதும் தொடங்கின. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 உடம்பில் சேர்வது குறையக்கூடும் என்று சொல்லி மருத்துவர் சோதித்தபோது, அது மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டுச் சில மாதங்கள் கழித்து, ஒருநாள் காலையில் அவராகவே தோப்புக் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்தார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி12 குறைந்தால் சோகை வரும் என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சோகை வெளியே தெரிவதற்கு முன்பே நரம்பும் மனமும் அடிபடக்கூடும் என்பதும், சோர்வும் மறதியும் மனத்தளர்ச்சியும், சிலருக்குப் பிரமைகூட வரலாம் என்பதும் ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. நம் உணவில் அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான் வந்து சேருகிறது. கீரையிலும் பருப்பிலும் தேடினால் கிடைக்காது. ஈரல் சேமித்து வைத்திருப்பது சில ஆண்டுகளுக்குக் காணும் என்பதால், விட்டவுடன் ஒன்றும் தெரியாது. நீ செவலைக் கன்று செத்த அன்றோடு பாலையும் விட்டாய். இந்தச் சித்திரை வந்தால் மூன்று வருடம் நிறைகிறது.

அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. மகன் ஒரு கன்றுக்காக நாக்கை அடக்கினான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றை விடுகிறவன், அதற்கு ஈடாக எதை எடுத்துக்கொள்வது என்று யோசித்திருக்க வேண்டாமா? பி12 மாத்திரையில் இருக்கும் மருந்தை நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். எந்த மாட்டின் மடியிலிருந்தும் அல்ல. உன் கொள்கைக்கு அதனால் ஒரு குறையும் வராது. ஆகவே பார்த்துவிடு.

அடுத்தது, நீ ஒரு வேளை மட்டும் உண்பது. பொங்கலுக்கு வந்திருந்த நான்கு நாளும் பார்த்தேன். காலையில் மூன்று தம்ளர் வரக்காப்பி. மத்தியானம் இலையில் வைத்ததை விரலால் ஒதுக்கிவிட்டு எழுந்தாய். இரவு பத்து மணிக்கு மேல் மொத்தப் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை உறங்காமல் கைப்பேசி வெளிச்சத்தில் கிடந்தாய். மூளை நம் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 பங்கை அது கேட்கிறது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினைச் சுரந்து சமாளிக்கிறது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், காரணமில்லாத பயம் வரும். வெறும் வயிற்றில் ஊற்றும் காப்பியும் அதே படபடப்பைத்தான் கூட்டும். கரும்பு வெட்டித் தந்தபோது உன் கை நடுங்கியது. நான் பார்க்கவில்லை என்று நீ நினைத்தாய், நான் பார்த்தேன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்பவர், உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். மெலிவார்கள் என்பது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் சிரிப்பை இழந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஒதுங்கினார்கள். சிறு சத்தத்துக்கும் எரிச்சலடைந்தார்கள். மனம் கனத்துப் போனார்கள். போதிய சோறு இல்லாமற் போனதுதான் அவர்களை வேறு மனிதர்களாக ஆக்கியது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று அப்பத்தா சொன்னபோது அந்தப் பத்தில் மனமும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை.

தயிர் சாப்பிட்டால் மகிழ்ச்சி சுரக்கும் என்று கைப்பேசியில் வருவதையெல்லாம் நான் உனக்கு அனுப்பவில்லை. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்னும் வேதிப்பொருளில், உடம்பில் இருப்பதில் 90 விழுக்காடு குடலில்தான் உண்டாகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் செரட்டோனின் மூளைக்குள் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதை, சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. அந்த அமிலம் பருப்பிலும் நிலக்கடலையிலும் எள்ளிலும் இருக்கிறது. மாயமாக ஒன்றும் தேவையில்லை. நேரத்துக்கு, கலந்து சாப்பிட்டால் போதும்.

ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்னும் பேராசிரியர் குழுவினர் மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனையும், மறுபாதியினருக்குப் பேச்சுத் துணையும் கொடுத்துப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். காய்கறி, பருப்பு, முழுத்தானியம், கொட்டைகள், மீன் என்று உணவை மாற்றியவர்களில் 32 விழுக்காட்டினர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்தார்கள். மற்றவர்களில் 8 விழுக்காட்டினர். சிறிய ஆய்வு, அதை வைத்து எல்லாம் முடிவாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனி. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ ஆலோசனையோ பெற்றுவந்தவர்கள். சோறு மருந்தோடு சேர்ந்து வேலை செய்தது. மருந்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரவில்லை. இதை நான் எதற்காக எழுதுகிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

அத்தையைப் பற்றி உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. 2004இல் உனக்குப் பத்து வயது. வாழப்போன வீட்டிலிருந்து சித்தம் சரியில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அரிசி களைகிற பாத்திரத்தில் கையை விட்டபடி அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். உடம்பு வணங்காதவள், வேலைக்குப் பயந்து வேடம் போடுகிறாள் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அவள் காதில் விழும்படியாகவே சொன்னேன். அக்கினி நட்சத்திர வெயிலில் குளிர்கிறது என்று போர்வையைப் போர்த்திக்கொள்வாள். குரல் கரகரத்துப் போய், தொலைபேசியில் பேசியவர்கள் ஆண் என்று நினைத்தார்கள். புருவத்தின் ஓர முடி உதிர்ந்தது. கை வீங்கி, கண்ணாடி வளையலைச் சோப்பு போட்டும் உருவ முடியாமல் நானே கல்லில் தட்டி உடைத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாக அவள் சொல்லத் தொடங்கிய பிறகு, ஒரு கோயிலுக்கு அழைத்துப்போய், ஒரு மண்டலம் தங்கவைத்து, வேப்பிலை அடிக்க விட்டேன். அந்த மாடி அறை இரவு அதற்குப் பிறகு நடந்தது. நீ கேட்ட சத்தம் அதுதான்.

அதே மாதத்தில் நான் எட்டாம் வகுப்புக்கு, அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும் என்று படம் வரைந்து பாகம் குறித்துக் காட்டினேன். வீட்டில் ஒருத்தி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தாள். கூச்சம் என்று நினைத்தேன். கால் வீக்கத்துக்காக மதுரைக்கு அழைத்துப்போனபோது, வயதில் சிறிய ஒரு பெண் மருத்துவர் அந்த முந்தானையை விலக்கி, கழுத்தில் விரலை வைத்து, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொன்னார். அவள் விழுங்கியபோது தொண்டைக்குழிக்கு மேலே இருந்த வீக்கம் ஏறி இறங்கியது. "எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் ஆசிரியை என்று அந்த அறையில் நான் சொல்லவில்லை.

அவளுக்கு அயோடின் குறையவில்லை. அவள் உடம்பின் காப்புப் படையே தைராய்டைத் தாக்கியிருந்தது. ஒவ்வொரு செல்லும் எந்த வேகத்தில் எரிபொருளை எரிக்க வேண்டும் என்று தைராய்டு சுரக்கும் தைராக்ஸின்தான் சொல்கிறது. அது குறைந்தால் குடல் மந்தமாகும், இதயம் மெதுவாகும், நினைப்பும் மெதுவாகும். வளர்சிதை மாற்றம் என்று நான் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைத்தது இதைத்தான். லண்டனில் ரிச்சர்டு ஆஷர் என்னும் மருத்துவர், தைராய்டு குறைந்ததால் புத்தி பேதலித்தவர்கள் 14 பேரைப் பற்றி 1949இலேயே எழுதிவைத்திருக்கிறார். நான் அதைப் படித்தது அவளுக்குக் குணமாகிப் பல வருடம் கழித்து. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் பழைய குரல் வந்தது. நான்காவது மாதத்துக்குப் பிறகு கிணற்றிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. இத்தனை வருடங்களாகத் தினமும் காலை ஐந்து மணிக்கு அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் காத்திருந்துதான் காப்பி குடிக்கிறாள். நான் சொன்ன சொற்களை அவள் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை.

பொங்கலன்று காலை பத்து மணிக்கு உன் அறைக் கதவைத் தள்ளி, "உடம்பு வணங்காமல் இப்படிப் படுத்திருக்கிறாயே" என்று நான் உன்னிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் கூடத்தில் அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துணி துவைக்கப் பையை எடுத்தபோது பக்கவாட்டு ஜிப்பைத் திறந்துவிட்டேன். திறந்தது தவறு. மாத்திரை அட்டையில் பத்துக் குழிகளில் நான்கு காலியாக இருந்தன. பெயரைப் படித்தேன், எதற்கானது என்று தெரிந்துகொண்டேன், இருந்த இடத்திலேயே வைத்தேன். நீ கிளம்பிய ஞாயிற்றுக்கிழமையும் திறந்து பார்த்தேன். அப்போதும் நான்குதான் காலியாக இருந்தன.

தம்பி, நீ மருத்துவரிடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போயிருக்கிறாய் என்பதுதான் வருத்தம். அந்த மாத்திரை நான்கு நாளில் எதையும் காட்டாது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். வயிற்றைப் புரட்டினாலும் தலை கனத்தாலும் கொடுத்தவரிடமே சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு தருவார்; நீயாக நிறுத்தாதே. ஒரு வேளைச் சாப்பாட்டையும், பால் விட்டதையும், இரவு விழிப்பையும் அவரிடம் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். சொல். பி12, டி.எஸ்.எச். இரண்டையும் அவரையே எழுதித் தரச் சொல். குறை தெரிந்தால் அதைச் சரிசெய்வோம். எல்லாம் சரியாக இருந்தால் மாத்திரையைத் தொடர்வோம். எதுவானாலும் காலையில் கொஞ்சமாவது சாப்பிடு. வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை, கேப்பை மாவு மூன்றும் திங்கட்கிழமை கூரியரில் போட்டிருக்கிறேன். எதிலும் நெய் சேர்க்கவில்லை.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அத்தையிடம் மட்டும் நேற்று இரவு சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் போய்ப் பத்து நாள் இருக்கட்டுமா மதினி? காலையில் என் மாத்திரையைப் போடும்போது அவனையும் எழுப்பிவிடுவேன்" என்றாள். மதுரை வழியாக மும்பை போகும் நாகர்கோவில் வண்டி புனேயில் நிற்கும்; அவளுக்கு மேல் படுக்கை ஆகாது, கீழ்ப் படுக்கைதான் பார்க்க வேண்டும். நீ பேச வேண்டாம். டிக்கெட் எடுக்கலாமா என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன்
அம்மா