மே மாதத்தில் பூ இருக்காது

ஐயா,

உங்கள் கோடைச் சுற்றுலாப் பக்கத்தில், உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்கு மே மாதம் போகலாம் என்று போட்டிருக்கிறீர்கள். பூங்காவைத் திறப்பதே ஜூன் 1-ம் தேதிதான். அப்போதும் வழியில் பனி கிடக்கும். பூ குலுங்குவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. மழையும் அப்போதுதான், சரி, நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மழை புதிதா என்ன?

தோவாளையில் பிச்சியும் கேந்தியும் விற்பவன் நான். ஓண வியாபாரம் சூடுபிடிக்கும் முன், ஜூலைக் கடைசியில் போய்வந்தேன். கசகசா இனத்து நீலப் பூ ஒன்று, இதழ் கசங்கிய பட்டு மாதிரி, தண்டெல்லாம் முள். ஒன்றைக்கூடப் பறிக்கக் கூடாது. பூக்காரன் கைக்கு அது பெரிய தண்டனை! இரவு தங்கவும் அனுமதியில்லை. அன்றே பள்ளத்தாக்குக்குக் கீழே இருக்கும் காங்கரியா கிராமத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

பள்ளி விடுமுறையை நம்பி யாராவது டிக்கெட் எடுக்கும் முன் திருத்தம் போடுங்கள்.

– பூ வியாபாரி ஒருவர், தோவாளை