பாதி மேட்டூரும் ஒரு காளை மீனும்

அன்புள்ள வேலு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாமல் இரு. உன்னைத் தெரியாதா எனக்கு, மூன்றாம் நாளே வடகம் காய்ந்ததா என்று மொட்டைமாடிக்குப் போயிருப்பாய். தங்கச்சியிடம் சொல்லி மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைக்கச் சொல்.

"அங்கே போய் நாள் முழுக்க என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற்றுகிறேன், மூன்று மணிக்கு இறக்குகிறேன். நடுவில் தண்ணீர் பார்க்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் அணை ஷட்டர் ஏற்றி இறக்கியவனுக்கு வேறென்ன தெரியும்?

போன மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மகன் மலைப்பக்கம் அழைத்துப் போனான். சியாட்டிலிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்தில் ஸ்நோகுவால்மி கணவாய். அங்கே கோல்டு கிரீக் என்று ஓர் ஓடை, பக்கத்தில் ஒரு குளம். குளத்தில் மலை தலைகீழாகத் தெரிகிறது. வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடையைப் பார்க்கப் போனேன். தண்ணீரே இல்லை. மேலே மலையில் ஓடுகிறது, கீழே ஏரியும் இருக்கிறது, நடுவில் வெறும் உருண்டைக் கல். மணல் அள்ளிய ஆறுகளைப் பார்த்துப் பழகிய கண் இல்லையா, உடனே சந்தேகம் வந்தது. விசாரித்தால் சந்தேகம் சரிதான். எல்லோரும் படம் எடுத்த அந்தக் குளம், நெடுஞ்சாலை போடுவதற்காக 1970-களிலும் அதை ஒட்டியும் சரளைக்கல் தோண்டிய பள்ளம். சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. கோடைக் கடைசியில் ஓடை வறண்டுபோக அதுவும் ஒரு காரணம்.

வறண்டால் யாருக்கு என்ன என்று நீ கேட்பாய். அந்த ஓடையை நம்பி ஒரு மீன் இருக்கிறது. பெயர் புல் டிரவுட். அறுகம்புல் இல்லை, காளை என்று அர்த்தம். தலை அவ்வளவு பெரிசு, வாயும் அப்படியே. நான் காளை மீன் என்றே எழுதுகிறேன். டிரவுட் என்று சொன்னாலும் சார் என்ற வேறு வகையைச் சேர்ந்தது. 1978 வரைக்கும் இதையும் டாலி வார்டன் என்ற அதன் ஒன்றுவிட்ட தம்பியையும் ஒரே மீன் என்றுதான் நினைத்திருந்தார்கள். மற்ற டிரவுட்டிலிருந்து பிரித்துத் தெரிந்துகொள்ள இந்தப் பக்கத்துத் தூண்டில்காரர்களுக்கு ஒரு சொலவடை உண்டு. தமிழில் சொன்னால் இன்னும் பொருந்துகிறது: "முதுகுத் துடுப்பில் கருப்பு இல்லையா, திருப்பி விடு!"

திருப்பி விடச் சொல்வது இப்போதுதான். அந்தக் காலத்தில் இது சால்மன் குஞ்சைத் தின்கிற திருட்டு மீன். பிடித்தால் கரையில் தூக்கி எறிவார்கள். அலாஸ்காவில் டாலி வார்டனுக்கு ஒரு வாலுக்கு இத்தனை சென்ட் என்று பரிசே கொடுத்திருக்கிறார்கள், நம் பக்கம் எலி வாலுக்குக் காசு கொடுத்த மாதிரி. 1998-ல் கொலம்பியா ஆற்றுப் பகுதியிலும், மறு வருஷம் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக மற்ற அமெரிக்க மாநிலங்கள் முழுவதிலும் இதை அழிவை நோக்கிப் போகும் இனம் என்று சட்டப்படி அறிவித்தார்கள்.

இந்த மீனுக்கு வேண்டியது குளிர். தண்ணீர் 9 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் முட்டையிடத் தொடங்கும். 15 டிகிரிக்கு மேல் போகிற இடத்தில் அதைப் பார்ப்பதே அபூர்வம். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர்தான் அதற்குத் தோது என்று வைத்துக்கொள். செப்டம்பர், அக்டோபரில் சரளைக்குள் முட்டை இடுகிறது; அது பொரிந்து குஞ்சு கல்லிடுக்கிலிருந்து வெளியே வர இருநூறு நாளுக்கு மேல் ஆகும். குளிர்காலம் முழுக்க அந்தக் கல்லுக்கு அடியில் சுத்தமான தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சேறு படியக் கூடாது.

இனி உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கோல்டு கிரீக் போய்ச் சேரும் ஏரி கீச்சலஸ். அதற்குப் பக்கத்தில் கச்சீஸ், அதற்கடுத்து கிளி எலம் (சத்தியமாக அப்படித்தான் உச்சரிக்கிறார்கள்), தெற்கே பம்பிங், ரிம்ராக். யாக்கிமா ஆற்றுப் பாசனத்துக்கு இந்த ஐந்தும்தான் முக்கியமான நீர்த்தேக்கங்கள். 1910-ல் பம்பிங்கில் தொடங்கி 1933-ல் கிளி எலத்தில் முடித்திருக்கிறார்கள். நம் மேட்டூர் அதற்கு அடுத்த வருஷம். ஐந்தின் கொள்ளளவையும் ஏக்கர்-அடியிலிருந்து டி.எம்.சி.க்கு மாற்றிப் பார்த்தேன், சும்மா இருக்க முடியவில்லை. சுமார் 46 டி.எம்.சி. மேட்டூர் 93.47 அல்லவா? ஐந்து அணையும் சேர்ந்து பாதி மேட்டூர்! அதை வைத்துக்கொண்டு நாலரை லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் செய்கிறார்கள். ஆப்பிள், செர்ரி, அப்புறம் பீருக்குப் போடுகிற ஹாப்ஸ். அமெரிக்காவின் ஹாப்ஸில் முக்கால்வாசி அந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது.

இங்கே ஆறாவது அணை ஒன்று இருக்கிறது என்பார்கள். அது பனி. மலைமேல் குளிர்காலத்தில் விழுந்து, கோடையில் மெதுவாக உருகி வர வேண்டும். 2015-ல் மழை பெய்தது, பனி விழவில்லை. எல்லாம் மழையாக வந்து அப்போதே ஓடிவிட்டது. உரிமையில் பின்தங்கிய பாசனக்காரர்களுக்கு அந்த வருஷம் 47 சதவீதம்தான் கிடைத்தது. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் வறட்சி அறிவித்திருக்கிறார்கள். யார் முந்தி, யார் பிந்தி என்பதற்கு 1905 மே 10 என்று ஒரு தேதி. அதற்கு முந்திய உரிமைக்காரனுக்கு முழுப் பங்கு. பிந்தியவர்கள் இருக்கிற குறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் முந்தியவர்கள் யாக்கமா பழங்குடியினர், அவர்களுடைய 1855 உடன்படிக்கை. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய 1977-ல் தொடங்கிய வழக்குக்கு 2019-ல்தான் இறுதித் தீர்ப்பு. நாற்பத்திரண்டு வருஷம்! காவிரி வழக்கைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொண்டோமே, நாம் பரவாயில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது பார். இந்த மீன் ஏரியில் வளர்ந்து, கோடைக் கடைசியில் முட்டையிட ஓடைக்குள் ஏறும். அதே சமயத்தில்தான் பாசனத்துக்குத் திறந்து திறந்து ஏரி அடிமட்டத்துக்கு வந்திருக்கும். நிறைந்திருக்கும்போது ஓடை நேராக ஏரிக்குள் விழுகிறது. வற்றினால் நடுவில் பரந்த சேற்றுப் படுகை. ஓடைத் தண்ணீர் அதில் பாய் விரித்த மாதிரி பரவி, கணுக்கால்கூட நனையாத ஆழத்தில் ஓடும், சில இடத்தில் கல்லுக்குள் இறங்கியே போய்விடும். ஒரு முழ நீளத்துக்கு மேல் இருக்கிற மீன் அதில் எப்படி நீந்தும்? வாசல் அடைத்துவிட்டது. சில வருஷங்களில் ஆட்கள் போய், பரவுகிற தண்ணீரைக் கையாலேயே ஒரே வாய்க்காலாகக் குறுக்கி விடுகிறார்கள். வயலில் மடை திருப்புகிறோமே, அதேதான். படித்தபோது சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரி நெகிழ்ச்சியாகவும் இருந்தது.

வேலு, நாம் பார்த்த கணக்கெல்லாம் எவ்வளவு கன அடி, எந்தத் தேதி என்பதுதான். தண்ணீர் எத்தனை டிகிரி என்று எந்த மீட்டிங்கிலாவது யாராவது கேட்டது உண்டா? இங்கே கேட்கிறார்கள். 1980-ல் ஒரு நீதிபதியின் உத்தரவுக்குப் பிறகு பாசன முறையையே மாற்றியிருக்கிறார்கள். மேல் யாக்கிமாவில் சால்மன் முட்டையிடும் நேரத்தில் ஆறு நிறைய ஓடினால், மீன் கரையோரம் உயரத்தில் முட்டையிடும். பிறகு ஷட்டரை இறக்கினால் முட்டை காய்ந்துவிடும். அதனால் செப்டம்பர் தொடக்கத்திலேயே மேல் அணைகளைக் குறைத்துவிட்டு, தெற்கே ரிம்ராக் பக்கத்திலிருந்து எடுத்துப் பாசனத்தை ஈடுகட்டுகிறார்கள். இதற்கு ஃபிளிப்-ஃபிளாப் என்றே பெயர். சால்மனுக்கு நல்லது. ஆனால் ரிம்ராக் ஏரி ஒரே மாதத்தில் சரசரவென்று இறங்குகிறது, அங்கே இருக்கிற காளை மீன் சில சமயம் மதகு வழியே அணைக்குக் கீழே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. திரும்பி ஏறி வர வழி கிடையாது.

இது எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் வைத்துப் பார்க்கத்தான் யாக்கிமா ஒருங்கிணைந்த திட்டம் என்று போட்டிருக்கிறார்கள். 2009-ல் பேசத் தொடங்கினார்கள். 2013-ல் மாநிலச் சட்டமன்றமும் 2019-ல் அமெரிக்கக் காங்கிரஸும் ஒப்புக்கொண்டன. முப்பது வருஷ வேலை, சுமார் 400 கோடி டாலர். கோர்ட்டில் எதிரெதிரே நின்ற யாக்கமா பழங்குடியினரும் ரோசா பாசன மாவட்டத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பெரிய விஷயம். அணை மீன் வழிகள், வாய்க்கால் சீரமைப்பு, நிலத்தடிச் சேமிப்பு என்று ஏழு பகுதி. அதையெல்லாம் எழுதினால் நீ தூங்கிவிடுவாய். டீனவே என்ற இடத்தில் 50,000 ஏக்கர் காட்டையே 2013-ல் மாநில அரசு விலைக்கு வாங்கியது, ஊற்றுக்கண் கெடாமல் இருக்க.

ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். கிளி எலம் அணையில் சின்ன மீன்கள் கீழே இறங்க ஒரு வழி கட்டுகிறார்கள், பல வருஷமாக வேலை நடக்கிறது. ஏரியின் மட்டம் ஏறி இறங்குமே, அதற்காக வெவ்வேறு உயரத்தில் வாய் வைத்து, உள்ளே சுருள் சுருளாகச் சறுக்கி அணைக்குக் கீழே போகிற மாதிரி டிசைன். கோயில் திருவிழாவில் சறுக்குமரம் பார்த்திருக்கிறாயே, அந்த வடிவம். வரைபடத்தை ஒரு மணி நேரம் பார்த்தேன். அது சாக்கை என்ற சால்மனுக்காகத்தான் முதலில். அணைகள் வந்தபின் யாக்கிமாவில் சாக்கை அடியோடு இல்லாமல் போயிருந்தது. 2009 முதல் யாக்கமா மக்கள் கொலம்பியா ஆற்றிலிருந்து லாரியில் கொண்டுவந்து கிளி எலத்தில் விடுகிறார்கள். அவற்றின் வாரிசுகள் கடலுக்குப் போய் 2013-ல் திரும்பி வந்தன. சால்மன் திரும்பினால் அதன் குஞ்சு காளை மீனுக்குச் சாப்பாடு. எந்தக் குற்றத்துக்காகக் கரையில் தூக்கி எறிந்தார்களோ, அதே தீனியை இப்போது வலிய வளர்த்துக் கொடுக்கிறார்கள்.

எல்லாம் சுமுகம் என்று நினைக்காதே. கச்சீஸில் ஒரு பம்ப் நிலையம் யோசனையில் இருக்கிறது. வறட்சி வருஷத்தில் மதகு மட்டத்துக்கும் கீழே 80 அடி வரை இறைத்து, 2 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது எட்டரை டி.எம்.சி.க்கு மேல் எடுப்பது. நம் பாஷையில் டெட் ஸ்டோரேஜைத் தொடுவது. பழத்தோட்டக்காரனுக்கு அது உயிர். ஒரு வருஷம் தண்ணீர் இல்லாமல் ஆப்பிள் மரம் செத்தால் மறுபடி நட்டு, காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் எதிர்க்கிறார்கள். மட்டம் இன்னும் இறங்கினால் ஓடை வாசல் இன்னும் தூரம் போகும் என்ற கவலையும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது, முதலில் ஓடை வாசலைச் சரிசெய்துவிட்டு வா, பிறகு பம்ப்பைப் பற்றிப் பேசலாம் என்று ஃபைலைத் திருப்பி அனுப்புவேன்.

ஏன் என்று கேட்டால், ஒரு பழைய காலை ஞாபகம் வருகிறது. நான் உதவிப் பொறியாளராக இருந்த புதிதில் முறை முடிந்த ராத்திரி, ஷட்டரை ஒரே மூச்சில் இறக்கச் சொன்னேன். விடிந்து பார்த்தால் படுகைக் குழிகளில் கெண்டையும் கெளுத்தியும் துள்ளிக்கொண்டிருந்தன. ஊர்ப் பிள்ளைகள் துண்டில் அள்ளினார்கள். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் எனக்கும் ஒரு பை கொண்டுவந்தார். ஊருக்கு நல்லது செய்த மாதிரி சந்தோஷமாகச் சாப்பிட்டேன். கோல்டு கிரீக்கிலும் அப்படித்தான் குழிகளில் குஞ்சு மாட்டிக்கொள்கிறது. யாக்கமா ஆட்கள் வலையோடு வந்து அவற்றை எடுத்துப்போய், தொட்டியில் வளர்த்து, பெரிசானதும் கொண்டுவந்து விடுகிறார்கள்.

பேத்தி அன்றைக்கு முழுக்க, "தாத்தா, மீன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கல்லை எண்ணி விளையாடிவிட்டுக் காரில் தூங்கிப்போனாள்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. கல்லூரி முடித்த வருஷம் நாம் அவலாஞ்சிக்குப் போனோமே, மீன் பண்ணையில் நீ ஒரு டிரவுட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படம் எடுத்தாய். வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் அது. அதன் சொந்த ஊர் நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்தப் பசிபிக் கரைதான். அந்தப் படம் உன் டிரங்குப் பெட்டியில் இருந்தால், பூதக்கண்ணாடி வைத்து முதுகுத் துடுப்பைப் பார். கருப்புப் புள்ளி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எழுது. பெட்டி பரணில் இருந்தால் மட்டும் நீ ஏறாதே, பையனை விட்டு எடுக்கச் சொல்.

அன்புடன்,
ரங்கன்